மூணு புடவைக்கு ஒரே சிவப்பு

பட்டு விக்கறவளுக்கு இனிமே போன்தான் கடை, நல்லதா ஒண்ணு பார்த்து வாங்கிக்கோ என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் தெருமுனையில் ஜரிகை வியாபாரம் செய்யும் ரஹீமா அக்கா. சொன்னது ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாசம். நல்லது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் வீட்டுக்காரர், இன்னொன்றில் கொழுந்தனார். நெய்து இறக்கிய புடவையை விரித்துப் படம் எடுத்து, வெளியூர்க்காரர்களுக்கு அனுப்பி, அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்வது என் வேலை. படிப்பு எட்டாவது. ஆறு வருஷம் உழைத்த பழைய போன், தெருவில் தறிக்கு ஏற்றும் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்ட ஒரு காலையில் கஞ்சி வாளிக்குள்ளேயே விழுந்து உயிரை விட்டது. அதற்குப் பிறகு வந்த புதுப் போனோடு நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் இதைப் பட்டிருப்பீர்கள். மீதிப் பேரும் சீக்கிரம் படுவீர்கள்.

பத்து நாள் கெடு

ஓசூரில் வேலை பார்க்கும் மகன் குமரன் வந்து வாங்கிக் கொடுத்தான். ரொம்ப உசத்தியும் இல்லை, ரொம்ப மட்டமும் இல்லை, நடுத்தர விலை. "பத்து நாள் வச்சிப் பாரு. சரிப்படலைன்னா கடையில மாத்திக்கலாம்" என்றான். நான் பெட்டிக்குக் குங்குமம் வைத்து, காமாட்சி படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைத்து எடுத்தேன். அவன் சிரித்தான். சிரிக்கட்டும். சோறு போடப் போகிற பொருள் அல்லவா.

எனக்கு இந்தப் போனில் என்ன வேண்டும் என்று அவனிடம் தெளிவாகத்தான் சொன்னேன். புடவை கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே படத்திலும் தெரிய வேண்டும். வேறொன்றும் வேண்டாம். அவன் போனைத் திருப்பி முதுகைக் காட்டினான். "மா, கேமரா மட்டுமே மூணு இருக்குது. உனக்கு இருக்கறதே ரெண்டு கண்ணு. அப்புறம் இன்னா?"

கையும் ரேகையும்

விரலை வைத்தால் திறக்கும் என்று குமரன் என் கட்டை விரலைப் பதிய வைத்துவிட்டு ஊருக்குப் போனான். அவன் பஸ் ஏறியதும் அது என்னை மறந்துவிட்டது. விரலைத் துடைத்து வைத்தேன், ஈரம் பண்ணி வைத்தேன், ஊதி வைத்தேன். ஐந்து தடவைக்கு மேல் வைத்தால் கோபித்துக்கொண்டு முப்பது நொடி காத்திரு என்கிறது. வாசலில் குழந்தையை நிறுத்தி வைக்கிற மாதிரி என்னை நிறுத்தி வைத்தது.

கல்யாணமான நாளிலிருந்து தறியில் குறுக்கே ஓடுகிற ஊடைக்குப் பட்டு நூல் சுற்றுகிற கை இது. நூல் ஓடி ஓடி விரலில் வரியே இல்லை. ரஹீமா அக்காவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன் காமாட்சிக்கு உன்னை அடையாளம் தெரியும். இந்தப் பெட்டிக்கு எப்படிமா தெரியும்? நம்பர் போட்டுத் திற, வேலையைப் பாரு."

ஒரே சிவப்பு

மூன்றாம் நாள் திருநெல்வேலியிலிருந்து மீனாட்சி கூப்பிட்டார். இதற்கு முன்னால் என்னிடம் இரண்டு புடவை எடுத்தவர். மகள் சௌமியாவுக்குக் கல்யாணம், பதினெட்டே நாள்தான் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனதால் காஞ்சிபுரம் வர வழியில்லை. முகூர்த்தப் புடவை என் கையால்தான் அனுப்ப வேண்டும் என்றார். குங்குமமும் வேண்டாம், அரக்கும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம். ரவிக்கை தைக்க ஒரு வாரம் வேண்டும் என்பதால் அடுத்த பத்து நாளுக்குள் புடவை அங்கே போய்ச் சேர வேண்டும். தப்பான நிறம் போனால் திருப்பி அனுப்பி வேறு வாங்க நாள் கிடையாது. ஒரு பெண் மணையில் உட்காருகிற புடவை.

கையிருப்பில் அந்த வகையில் மூன்று இருந்தன. ஒன்று குங்குமத்தை ஒட்டியது, ஒன்று மாதுளை முத்து, ஒன்று அரக்கை ஒட்டியது. ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் கண்ணில்லாதவர் தவிர யாரும் பிரித்துச் சொல்லிவிடலாம். மாடியில் நல்ல வெளிச்சத்தில் விரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு படம் எடுத்து அனுப்பினேன். புதுப் போன் என்ற பெருமை வேறு. பத்து நிமிஷத்தில் மீனாட்சி கூப்பிட்டார். "அக்கா, ஒரே சேலைய மூணு தடவை அனுப்பியிருக்கிய. மத்த ரெண்டும் எங்க?"

ஊமைத் தறி

படத்தை நம்ப வேண்டாம், வீடியோவில் காட்டுகிறேன் என்று கூப்பிட்டேன். அங்கே மீனாட்சியின் நாத்தனாரும் வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நிறத்தில் கவலை இல்லை, வேறு சந்தேகம். இது கைத்தறியா, மிஷினில் ஓட்டியதா? நியாயமான கேள்விதான். போனைத் தூக்கிக்கொண்டு தறிக்குப் போனேன். "கேட்டுக்கோங்க, தறி சத்தம்" என்று வீட்டுக்காரரின் பக்கத்தில் நீட்டினேன். அவர் பட் பட்டென்று அடித்து நெய்கிறார். என் காது அடைக்கிறது. அங்கே இரண்டு பேரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சும்மா பார்க்கிறார்கள்.

வெளிச் சத்தம் எதுவும் கேட்காமல் பேசுகிறவர் குரலை மட்டும் அனுப்புவது இந்தப் போனின் சிறப்பாம். குமரன் பிறகு சொன்னான். தறியை அது சந்தடி என்று எடுத்துக்கொண்டு முழுசாகத் துடைத்துவிட்டது. எனக்கு அப்போது அது தெரியாது. "நல்லா அடிங்க, கேக்கலையாம்" என்று அவரை விரட்டினேன். அவரும் வேகமாக அடித்து, இழை இரண்டு அறுந்ததுதான் மிச்சம். நாத்தனார் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "தறி ஆடுது, சத்தத்தைக் காணோம். டிவில ஏதும் படம் போட்டுக் காட்டுதியளா?"

நெற்றியைக் காணோம்

மறுநாள் கல்யாணப் பெண்ணே கூப்பிட்டாள். நல்ல பெண், மரியாதையான பேச்சு. அப்போதுதான் சாமி கும்பிட்டுவிட்டு வந்திருந்தேன். நெற்றி நிறைய விபூதி, நடுவில் குங்குமம். புடவையைத் தோளில் போட்டுக் காட்டினால் நிறம் தெரியும் என்று மாதுளை முத்தைப் போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் நின்றேன். மூலையில் சின்னதாக என் முகம் தெரிந்தது. யாரோ என்று நினைத்தேன். சுருக்கம் ஒன்று இல்லை. விபூதியும் இல்லை. ஐம்பத்தெட்டு வயசுக்காரியை மைதா மாவில் பிசைந்து வைத்த மாதிரி. தோளில் இருந்த புடவையோ புகைக்குள் போன மாதிரி மங்கல். முகம் அழகாக இருந்தால் போதும், மற்றது எதற்கு என்று அதற்கு எண்ணம் போல.

காமாட்சி, இந்தப் போனிடம் யார் கேட்டார்கள் இந்த அழகை என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சௌமியா புடவையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஆன்ட்டி, உங்க போன் என்ன மாடல்? கல்யாணத்துக்கு முன்னாடி நானும் மாத்திரலாம்னு பாக்கேன்."

சாயக்காரர் சொன்னது

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அன்று சாயங்காலம் அந்தப் பெண் நான் முதலில் அனுப்பிய படங்களில் ஒன்றை வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினாள். இந்த நிறம்தான் வேண்டும், இதுவே முடிவு. அந்த நிறத்தில் என்னிடம் புடவை இல்லை. யாரிடமும் இல்லை. மூன்று புடவையையும் மாற்றி மாற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒன்றிலும் ஒட்டவில்லை. இருக்கிறது என்று சொல்லி எதையாவது அனுப்பிவிட்டால், முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் ஒரு வீடு முழுக்க அழும். இல்லை என்றால் படம் மட்டும் எப்படி வந்தது என்பார்கள்.

எங்களுக்குச் சாயம் போடும் பாஷா பாயிடம் போனை எடுத்துக்கொண்டு போனேன். நாற்பது வருஷமாகச் சிவப்பிலேயே கை ஊறினவர். இரண்டு நாளில் இப்படி ஒரு நிறம் காய்ச்ச முடியுமா, கொழுந்தனார் தறியில் ஏற்றிவிடலாமா என்று ஆசையில் கேட்டேன். அவர் கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார், கீழே தள்ளிப் பார்த்தார். போனைத் துடைத்து என் கையிலேயே கொடுத்தார். "இந்தக் கலரு நூல்ல நிக்காதுமா. போன்லதான் நிக்கும்."

கோளாறு இல்லாத கோளாறு

ஏழாம் நாள் போனை எடுத்துக்கொண்டு வாங்கின கடைக்கே போனேன். நியாயமாக நல்லதையும் சொன்னேன். சார்ஜ் ஒன்றரை நாள் நிற்கிறது, பேச்சு தெளிவாகக் கேட்கிறது, சாமி பாட்டு வைத்தால் வீடு முழுக்கக் கேட்கிறது. முதுகு வழவழப்பு, பட்டின் மேல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுகிறது, அதையும் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் சிவப்பைச் சிவப்பாகக் காட்ட மாட்டேன் என்கிறதே, இதை மாற்றிக் கொடுங்கள் என்றேன். கடைப்பெண் ஏதோ ஒன்றை அமுக்கி, படத்தை அழகாக்குகிற வேலையை நிறுத்திக் கொடுத்தாள். அங்கேயே அவள் துப்பட்டாவைப் படம் எடுத்துப் பார்த்தேன். ஓரளவு சரியாகத்தான் இருந்தது. வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் புதுசாக ஏதோ வந்து இறங்கிவிட்டது என்று போனே சொன்னது. எடுத்துப் பார்த்தால் மூன்று புடவையும் பழையபடி ஒரே சிவப்பு.

திரும்பவும் போனேன். வெயில், பஸ்ஸில் நிற்க இடமில்லை. அதே பெண்தான் இருந்தாள். அவளும் பாவம், என்ன செய்வாள். "கோளாறு இருந்தாதான்மா மாத்தித் தர முடியும். இது இருக்கறதைவிட நல்லாவே காட்டிக்கினு இருக்குது. இதைக் கம்ப்ளைன்ட்ல நான் இன்னான்னு எழுதறது?"

முடிச்சு

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். பிறகு மீனாட்சியைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன்: படத்தில் பார்த்த நிறம் பொய், அப்படி ஒரு புடவை கிடையாது, நூல் அனுப்புகிறேன், நூலைப் பார்த்து முடிவு பண்ணுங்கள். அவர் சரி என்றார். ஒவ்வொரு புடவைக்கும் சாயம் போட்ட நூலில் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்போம். நூலில் பேர் எழுத முடியாது, அதனால் முடிச்சுப் போட்டு அடையாளம் வைப்பது எங்கள் வழக்கம். குங்குமத்துக்கு ஒரு முடிச்சு, மாதுளைக்கு இரண்டு, அரக்குக்கு மூன்று. உறையில் போட்டு அன்றைக்கே கூரியரில் சேர்த்தேன்.

உறை இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தது. சௌமியா முதல் காரியமாக மூன்று நூலையும் தன் போனில் படம் எடுத்து, "இதுல எது ஆன்ட்டி?" என்று எனக்கு அனுப்பினாள். மூன்றும் ஒரே சிவப்பு. படம் வேண்டாம் தாயே, வாசலில் காலை வெளிச்சத்தில் கையில் சுற்றி உன் கண்ணால் பார் என்று கெஞ்சினேன். பார்த்துவிட்டு அவளுக்கு இரண்டு முடிச்சு, மாதுளை, ரொம்பப் பிடித்துவிட்டது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் மீனாட்சி போனை வாங்கினார். அவர் நிறத்தையே பார்க்கவில்லை. முகூர்த்தத்துக்கு மூணு முடிச்சுதான் போடணும், ரெண்டு முடிச்சு போட்டது ஆகாது, மூணு முடிச்சு உள்ளதையே அனுப்புங்க என்கிறார். அது தாலிக்குப் போடுகிற முடிச்சு இல்லை, எங்கள் வீட்டு அடையாளம் என்று எவ்வளவோ சொன்னேன். காதில் ஏறவில்லை. அரக்கு அந்தப் பெண்ணுக்கு ஆகாது; அவளே வேண்டாம் என்றதுதான். நாளோ ஓடுகிறது. பேச்சு நின்று போனது. மதியம் வரை நான் இரண்டு புடவையையும் மடித்து வைத்துக்கொண்டு, எதைப் பெட்டியில் வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சௌமியா கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். "ஆன்ட்டி, மாதுளை நூல்ல நானே இன்னொரு முடிச்சு போட்டுட்டேன். இப்ப அம்மா சரின்னுட்டாங்க. அனுப்பிருங்க."

மாதுளைதான் போனது, ரவிக்கையும் தைத்தாயிற்று, முகூர்த்தமும் நடந்தது. போன் இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது, பத்து நாள் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. அதனால் என்னிடம் புடவை கேட்கிறவர்களிடம் என் வேண்டுதல் ஒன்றே ஒன்று: படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், நூல் வந்து சேர்கிற இரண்டு நாள் வரைக்கும் பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.