எங்கள் வீட்டுக்கு வந்த தொழிற்புரட்சி

ஸ்ரீரங்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் சரித்திர வாத்தியாராக இருந்தேன். மொகலாய வம்சத்தில் யாருக்குப் பிறகு யார் என்பது எனக்கே அடிக்கடி குழம்பும். ஆனால் கரும்பலகையில் 'தொழிற்புரட்சி' என்று எழுதிவிட்டால் போதும், எனக்கு ஆவேசம் வந்துவிடும். காரணங்கள் ஏழு, விளைவுகள் ஒன்பது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன். மான்செஸ்டர் ஆலைகளின் புகையை நான் வர்ணிக்கும்போது முதல் பெஞ்சுப் பையன்கள் இருமுவார்கள். என் பேச்சின் சக்தி அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாக்பீஸ் தூள்தான் காரணம் என்று கணக்கு வாத்தியார் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருக்குப் பொறாமை.

இத்தனைக்கும் நான் ஓர் ஆலையின் உட்புறத்தைப் பார்த்தது கிடையாது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன், மதில் தெரியும். என் கையில் பட்ட எண்ணெயெல்லாம் சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக்கொள்ளும் நல்லெண்ணெய்தான். சீமைத் துணி வந்து நம் நெசவாளர் வயிற்றில் அடித்த கதையைச் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும். சொல்கிற என் உடம்பில் இருப்பது மில் துணிச் சட்டை என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. காவிரியைத் தாண்டினால் உறையூரில் தறிச் சத்தம் கேட்கிற தெருக்கள் இருந்தன. அங்கே போய் ஒரு நெசவாளரிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

அடுத்த பாடம் ஏகாதிபத்தியம். அதிலும் நான் சூரன். பிரித்தாளும் சூழ்ச்சியை விளக்க இரண்டு பையன்களை எழுப்பி நிறுத்துவேன். ஒருவன் காதில் ஒன்றையும் மற்றவன் காதில் வேறொன்றையும் சொல்லி, இருவருக்கும் சண்டை மூட்டிவிட்டு, நடுவில் நின்று துரை மாதிரி மீசையை முறுக்கிக் காட்டுவேன். எனக்கு மீசை கிடையாது. ஆனாலும் வகுப்பு கைதட்டும்.

அறுபதுகளில் திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலை வந்தது. கைலாசபுரத்தில் ஊழியர்களுக்கு வரிசை வரிசையாக வீடுகள் எழும்பின. எங்கள் தெருவில் கல்யாணப் பேச்சு எடுத்தால் "பையன் ஃபாக்டரியா?" என்பதுதான் முதல் கேள்வி. வாத்தியார் என்று தெரிந்தால், "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று ஜாதகத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நல்லவேளையாக எனக்கு அதற்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. பரம்பரையாகக் கோயில் கைங்கர்யம் செய்த குடும்பங்களின் பிள்ளைகள் குடுமியை எடுத்துவிட்டு, காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனார்கள். நான் வருஷா வருஷம் தொண்டை கிழியச் சொன்ன அத்தனையும் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

"சார், நம்ம ஊருக்கும் தொழிற்புரட்சி வந்துடுச்சா சார்?" என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான்.

"பாடத்துல இல்லாததைக் கேக்காதே. உட்காரு" என்றேன்.

என் மனைவி டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். பெண் பார்க்கப் போனபோதே அவள் அப்பா அதைச் சொன்னார். பாட்டு, கோலம், டைப்ரைட்டிங் என்று ஒரே மூச்சில் சொன்னதால், நானும் அதை அந்த வரிசையிலேயே வைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு பாட்டும் நின்றுபோனதால் டைப்ரைட்டிங்கைப் பற்றி எனக்கு ஞாபகமே இல்லை. அவளுக்கு இருந்திருக்கிறது. தொழிற்சாலை ஆபீஸுக்கு டைப்பிஸ்டுகள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனு போட்டாள். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள்.

"தாராளமா போயிட்டு வா" என்றேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. கிடைக்காது என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

கிடைத்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமையே வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை.

காரணம் காபி. உத்தர வீதியில் நாங்கள் குடியிருந்தது ஒரு கூடமும் ஒரு சமையலறையுமாக உள்ள சின்னப் போர்ஷன். நான், என் மனைவி, என் அம்மா. அதற்குள் நான் ஒரு சாம்ராஜ்யம் நடத்திக்கொண்டிருந்தேன். ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு "காபி" என்று ஒரு குரல் கொடுத்தால், கொட்டை வறுபட்டு, அரைபட்டு, நுரையோடு டம்ளர் கைக்கு வந்து சேரும். உழைப்பெல்லாம் அந்தப் பக்கம், அனுபவிப்பது இந்தப் பக்கம். சட்டை, வேஷ்டி, எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் எல்லாமே அதே கணக்குதான். குடியேற்ற நாடு திடீரென்று சுதந்திரம் கேட்டால் எந்தச் சக்கரவர்த்திக்குத்தான் பிடிக்கும்? போதாததற்கு அவள் சம்பளம் என்னுடையதைவிடக் கூடுதலாக இருக்குமோ என்ற பயம் வேறு. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தைரியம் வரவில்லை.

போகாதே என்று நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் எனக்கு முற்போக்கானவர் என்று பெயர். தொழிற்புரட்சியின் விளைவுகளில் 'பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து ஊதியத்துக்கு உழைத்தனர்' என்ற இடம் வந்தால் நான் தனிக் குரல் எடுத்துக்கொள்வேன். அந்தப் பெயரையும் காப்பாற்ற வேண்டும், காபியையும் காப்பாற்ற வேண்டும். எனக்குத் தெரிந்த ராஜதந்திரம் ஒன்றே ஒன்றுதான். அதைக் கையில் எடுத்தேன்.

முதலில் அம்மாவிடம் போனேன். அம்மா முறத்தில் அரிசியைப் பரப்பி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அங்க எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடறாளாம்மா. கான்டீன்ல வெங்காயம், பூண்டு எல்லாம் உண்டாம். பஸ்ல இடிபட்டுண்டு வந்து அப்படியே ஆத்துக்குள்ள நுழைவா. மடி, ஆசாரம்னு பார்க்கறது நீதான். எனக்கு ஒண்ணும் இல்லே, உன்னை நெனைச்சாத்தான் கவலையா இருக்கு" என்றேன்.

"ம்" என்றாள் அம்மா.

பிறகு மனைவியிடம் போனேன். "எனக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது. அம்மாதான் மனசு ஒடிஞ்சு போயிடுவா. வெளியில சொல்ல மாட்டா. பார்த்துக்கோ, உன் இஷ்டம்" என்றேன்.

அவள் முகத்திலிருந்த மலர்ச்சி வடிந்துபோயிற்று. அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சாம்ராஜ்யம் என்றால் சில சங்கடங்களைத் தாங்கித்தானே ஆக வேண்டும் என்று சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. திட்டம் பலித்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். ஒன்றை யோசிக்க மறந்துவிட்டேன். வெள்ளைக்காரன் பிரித்து ஆண்ட தேசத்தில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ரயிலில் போகவே நாள்கணக்காகும். என் வீட்டிலோ இரண்டு பேரும் விடிந்ததிலிருந்து ஒரே அடுப்படியில் நிற்கிறவர்கள். ஒருத்தி ஆட்டுக்கல்லைச் சுற்றினால் மற்றவள் மாவைத் தள்ளிக்கொடுப்பாள். பிரித்து ஆள வேண்டுமானால் குறைந்தது இரண்டு சமையலறையாவது வேண்டும். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

சனிக்கிழமை தலையில் எண்ணெயோடு நான் கொல்லையில் உட்கார்ந்திருந்தபோது அம்மா வந்து எதிரே நின்றாள். பின்னால் என் மனைவியும் நின்றாள். எண்ணெய் கண்ணில் வழிய, எழுந்து ஓடவும் முடியாத நிலைமை எனக்கு.

"ஏண்டா, எனக்கு மனசு ஒடிஞ்சு போயிடும்னு அவகிட்ட சொன்னியா?" என்றாள் அம்மா.

நான் கண்ணைக் கசக்கினேன்.

"என்கிட்ட வந்து ஆசாரம் கெட்டுப்போயிடும்னே. அவகிட்ட போய் என் மனசு கெட்டுப்போயிடும்னே. உனக்கு என்ன கெட்டுப்போயிடும்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லலையேடா?"

"அப்படியில்லேம்மா, சமுதாயத்துல..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் எனக்குப் பாடம் வரவில்லை.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா வெள்ளைக்காரர் காலத்தில் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. துரைக்கு முன்னால் நின்று நின்று பழகி, வீட்டிலும் உட்காரத் தெரியாதவராக இருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். அதன் பிறகு அம்மாதான் என்னை பி.ஏ. வரைக்கும் படிக்க வைத்தாள். எப்படிப் படிக்க வைத்தாள் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா அன்று சொன்னாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"நீ காலேஜுக்குப் போகச்சே நான் சித்திர வீதியில நாலு ஆத்துல அடுப்படியில நின்னு தளிகை பண்ணினேன். யாராவது கேட்டா நீ என்னடா சொல்லுவே? 'அம்மா ஒத்தாசைக்குப் போயிருக்கா'ம்பே. நானும் அதையேதான் சொன்னேன். வேலைக்குப் போறேன்னு சொல்ல உனக்கும் வெக்கம், எனக்கும் வெக்கம். சம்பளம்னு பேர் சொல்லாம வெத்தலை பாக்குல வச்சுக் குடுப்பா. அதுவும் அவாளுக்குத் தோணினப்போ. பாக்கியைக் கேக்க முடியுமா? ஒத்தாசைக்கு ஏதுடா பாக்கி? காய்ச்சல்னு ஒருநாள் படுத்தா மறுநாள் வேற ஆளை வச்சுடுவா. இவ கையெழுத்துப் போட்டு சம்பளம்னு வாங்கப் போறா. உடம்புக்கு முடியலேன்னா லீவு உண்டாம். அதைப் போய்த் தடுக்கறியே."

அப்போது எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. பெண்கள் ஊதியத்துக்கு உழைத்ததைப் பற்றி நான் படித்த புத்தகமே அந்த வெற்றிலை பாக்குக் காசில் வாங்கியதுதான். அதைப் படித்துத்தான் பரீட்சையில் தேறினேன், உத்தியோகம் பெற்றேன், தனிக் குரல் எடுத்தேன். வருஷக்கணக்காக மான்செஸ்டரிலேயே குடியிருந்தவனுக்கு, ஒரு வீதி தள்ளி இருந்த சித்திர வீதி அடுப்பு கண்ணில் படவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. என் கை முழுக்க எண்ணெய்.

மனசார மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் என் வாய் என்னைவிட மோசமானது.

"அப்போ காபி?" என்றது.

"அடுப்பு அங்கதான் இருக்கு" என்றாள் அம்மா. என் மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை என் மனைவி வாசலில் நின்றுகொண்டு கிளம்ப மறுத்தாள். யாராவது நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால் அம்மா உள்ளே போய் மறைந்துகொள்வாள். அப்பா போன நாளிலிருந்து அந்த வழக்கம். "நீங்க எதிர்ல வந்தாத்தான் நான் படி இறங்குவேன்" என்று என் மனைவி பிடிவாதமாக நின்றாள். சகுனம் பார்ப்பது மூடத்தனம் என்று பள்ளிக்கூடத்தில் பேசுகிற நான், ஒரு பூனையாவது குறுக்கே போகாதா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூனை வரவில்லை. அம்மா வந்தாள். வந்தவள் வாசலோடு நிற்காமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்தாள். டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

பஸ் வந்து, என் மனைவி ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். கேரியரை நான் ஜன்னல் வழியாக நீட்டினேன். எங்கள் தெருவில் இருக்கும் பெண்மணி ஒருத்தி, அம்மாவைவிட வயதில் சிறியவள், கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தவள், எங்களைப் பார்த்து நின்றாள்.

"என்ன மாமி, மாட்டுப்பொண் ஃபாக்டரி வேலைக்குக் கிளம்பிட்டாளா? உங்காத்துலேர்ந்து வேலைக்குப் போற மொதல் பொம்மனாட்டி இவதான், இல்லையா?"

ஆமாம் என்று பெருமையாகச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"இல்லேடி. இவ ரெண்டாவது" என்றாள்.