இடது பக்கம் சாய்ந்து நின்ற வண்டி

படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எனக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு சொல்லைக்கூட சுவைக்காகச் சேர்க்கவில்லை. நான் பயந்தாங்கொள்ளி இல்லை. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தர சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவள். எங்கள் கையை விட்டுப் போன அந்த வண்டி இப்போது யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் கணவர் தினேஷ்குமார். அவருக்கும் சிப்காட்டில்தான் வேலை. போன வருஷம் ஆனேக்கல் பக்கத்தில் சம்பங்கி என்ற ஆளிடமிருந்து ஒரு பழைய பிக்கப் வாங்கினார். நாலு கதவு. பின்னால் திறந்த தொட்டி. நாலு சக்கரமும் இழுக்கும். காட்டுப் பாதை, மலைப் பாதை என்று எங்கும் ஏறலாம் என்பார். அதற்காகவே வாங்கினார்.

அதற்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. பிரியாணி, கடைத்தெரு, சாயங்காலம் ஒரு படம். வண்டி வந்த பிறகு ஞாயிறு அதனுடையது. விடிந்ததும் கீழே இறங்கிவிடுவார். சோப்பு நுரை போட்டுக் கழுவுவார். மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றித் துடைப்பார். எனக்கு ஒருநாளும் தலை துவட்டிவிடாத கை அது.

"சின்ன வீட்டைக் குளிப்பாட்டி முடிச்சாச்சா?" என்று மாடியிலிருந்து கேட்பேன்.

அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் எனக்கு உள்ளே எரியும். இரும்பைப் பார்த்து ஒருத்திக்குப் பொறாமை வருமா? வந்தது.

அந்த வண்டிக்கு ஒரே ஒரு குறை. இடது பக்கம் தாழ்ந்து நிற்கும். அதிகமில்லை, இரண்டு விரல்தான். ஆனால் தள்ளி நின்று பார்த்தால் கண்ணில் படும்.

குருபரப்பள்ளி ஹைவேயில் திம்மப்பன் என்பவர் ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் கொண்டு போனோம். வில் போல வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும் அல்லவா, அந்தச் செட்டைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார்.

"ஒண்ணும் ஒடையல தம்பி. ஆனா பழசு, தளந்து போச்சு. காட்டுக்கு ஓட்டறதுன்னா இது ஆவாது."

எல்லாவற்றையும் மாற்றினார். கனமான மெயின் பட்டை. கூடுதலாக ஒரு பட்டை. புது புஷ், பட்டைகளை அச்சோடு இறுக்கும் புது யு-போல்ட். நீளமான ஷாக் அப்சார்பர். வண்டி நல்ல உயரத்துக்கு எழும்பி நின்றது. இரண்டு பக்கமும் சமம். நானே டேப் வைத்து அளந்தேன். தினேஷ் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட அந்த முகம் இல்லை.

மறுநாள் காலையில் பார்த்தால்... இடது பக்கம் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது.

திரும்பவும் பட்டறை. திம்மப்பன் தலையைச் சொறிந்தார்.

"இடது செட்டைக் கழட்டி வலதுல போடறன். வலது செட்டு இடதுக்கு. கோளாறு பட்டையில இருந்தா சாய்வும் கூடவே வலதுக்குப் போவும்."

மாற்றிப் போட்டார். சாய்வு போகவில்லை. மறுநாளும் இடதுதான்.

"பட்டையில கொறை இல்லப்பா" என்றார் அவர். "யாரோ ஏறி உக்காந்த மாதிரி நிக்குது வண்டி."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

அதன் பிறகுதான் நான் முன் சீட்டைக் கவனிக்க ஆரம்பித்தேன். நான் கொஞ்சம் உயரம். இடது சீட்டைப் பின்னால் தள்ளித்தான் உட்காருவேன். ஒவ்வொரு முறையும் ஏறும்போது அது முன்னால் நகர்ந்திருக்கும். என்னைவிடக் குள்ளமான ஒருத்தி உட்காரும் அளவுக்கு.

"யாரு உக்காந்தா இங்க?"

"யாரும் இல்ல யுவா."

"அப்ப சீட்டு தானா நடந்து போச்சா?"

"மேடு பள்ளத்துல நகந்திருக்கும். விடு."

நான் விடவில்லை. அவருடைய போனைப் பார்த்தேன். சட்டையை மோந்து பார்த்தேன். ஒன்றுமே கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. அடுத்த ஞாயிறு அஞ்செட்டிக் காட்டுப் பக்கம் போகிறேன் என்று அவர் சொன்னதும், நானும் வருகிறேன் என்றேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். நான் சீட்டைப் பின்னால் தள்ளி அழுத்தமாக உட்கார்ந்தேன். அடியில் பட்டைகள் முனகின. கிறீ...ச்.

வெளியே நின்றிருந்த தினேஷ் கத்தினார். "ஏய் யுவா! நேராயிடுச்சு! இடது பக்கம் மேல வந்துடுச்சு!"

நான் ஏறினால் வண்டி தாழத்தானே வேண்டும்? எப்படி எழும்பும்? அப்போது எனக்கு அது தோன்றவில்லை. ஜெயித்துவிட்ட நினைப்புதான் இருந்தது.

தேன்கனிக்கோட்டை தாண்டியதும் அவர் ஸ்டியரிங்கை இரண்டு முறை திருத்தினார்.

"இப்ப வலது பக்கம் இழுக்குது."

வேகத்தடையில் ஏறி இறங்கினோம். பின்னால், வலது பக்கம், 'தொம்' என்று ஒரு சத்தம். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால். திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் ஒன்றுமில்லை.

கொஞ்ச தூரத்தில் அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. காத்து."

கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன.

அஞ்செட்டி தாண்டி ஒரு மண் பாதையில் இறங்கினோம். மழை தூற ஆரம்பித்தது. அவருக்குக் குஷி. பாறை, பள்ளம், சேறு... புதுப் பட்டைகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டன. ஓர் ஓடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். மணி ஐந்து நாற்பது. மேகம் மூடி இருட்டிக்கொண்டு வந்தது.

"வலது பின்னாடி கடகடங்குது. யு-போல்ட் லூசாயிருக்கும். பாத்துட்டு வரன்."

இறங்கினார். செல்போன் வெளிச்சத்தோடு வண்டிக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்தார். ஸ்பேனர் சத்தம் கேட்டது. டக்... டக்...

நான் உள்ளே தனியாக இருந்தேன்.

கிறீ...ச்.

பின் சீட்டில் யாரோ உட்கார்ந்த இடத்திலிருந்து நகர்ந்தால் வரும் சத்தம்.

"ஏங்க, வண்டியை ஆட்டாதீங்க."

"நான் எங்க ஆட்டறன்?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

என் சீட்டுக்கு அடியில் 'கடக்' என்றது. சீட்டு ஒரு பல் முன்னால் நகர்ந்தது. நான் எதையும் தொடவில்லை.

கடக்... இன்னொரு பல்.

காலை ஊன்றித் தள்ளினேன். நகரவில்லை. கடக்... கடக்... என் முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது.

காதுக்குப் பின்னால் ஒரு குரல். பெண் குரல். சத்தமே இல்லாமல், மூச்சாக...

"இளி..."

கன்னடம். இறங்கு என்று அர்த்தம். ஆனேக்கல் பஸ்ஸில் நூறு முறை கேட்ட சொல்.

 பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. கோபம். இத்தனை நாள் நான் தேடியது இவளைத்தான். சீட்டை நகர்த்தியது இவள். என் ஞாயிறுகளை எடுத்துக்கொண்டது இவள்.

"எறங்க மாட்டன்" என்றேன். வாய்விட்டே சொன்னேன்.

ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. மழைச் சத்தம் மட்டும்.

பிறகு வண்டியின் வலது பக்கம் தாழ்ந்தது.

மெதுவாக... பட்டை பட்டையாக...

"யுவா!" தினேஷ் அலறினார். "வண்டி இறங்குது! கை மாட்டிக்கிச்சு! கை!"

ஒரு டன் மூட்டையைத் தாங்கும் பட்டைகள். அவை நசுங்கும் சத்தம் கேட்டது. கிறீ... கிறீ...

"யுவா! எறங்கு! வண்டிய விட்டு எறங்கு!"

அவர் கத்தியது தமிழில். அதே நேரத்தில் என் காதுக்குள்...

"இளி."

இறங்கினேன். விழுந்து எழுந்து சேற்றில் நின்றேன்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வலது பக்கம் சட்டென்று மேலே எழும்பியது. தினேஷ் கையை உருவிக்கொண்டு வெளியே வந்தார். முழங்கைக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. எலும்பு தப்பித்தது.

நாங்கள் இருவரும் மழையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

வண்டியின் இடது பக்கம், மெல்ல, சொகுசாக... இரண்டு விரல் தாழ்ந்தது.

அங்கே பஸ் கிடையாது. போனில் சிக்னல் இல்லை. யானை வரும் இடம் அது. அந்த வண்டியில்தான் திரும்பியாக வேண்டும். "நீ முன்னாடி உக்காராத" என்றார் தினேஷ். அவர் சொல்லாவிட்டாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பின் சீட்டில், அவருக்கு நேர் பின்னால் ஏறினேன். அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வண்டி நகர்ந்ததும் 'பீப்... பீப்...' என்று சத்தம். பெல்ட் போடாமல் யாராவது முன் சீட்டில் உட்கார்ந்தால் வரும் சத்தம். அஞ்செட்டி வரைக்கும் வந்தது. நிற்கவே இல்லை. 

கடைசியில் அவர் கையை நீட்டினார். காலியான அந்தச் சீட்டின் பெல்ட்டை இழுத்து, மாட்டினார்.

சத்தம் நின்றது.

என் கணவர், என் கண் முன்னால், இன்னொருத்திக்குப் பெல்ட் மாட்டிவிட்டார். அந்த நேரத்தில்கூட எனக்கு எரிந்தது. இதை எழுத வெட்கமாக இல்லை. அப்படித்தான் இருந்தது.

பெல்ட் சீட்டோடு ஒட்டிக்கிடக்கவில்லை. ஓர் ஆளைச் சுற்றியது போல உப்பி நின்றது. ஓசூர் வரைக்கும் அப்படியே நின்றது.

மறுநாள் இரண்டு பேரும் லீவு போட்டோம். வண்டியைத் தொடவில்லை. பஸ் பிடித்து ஆனேக்கல் போனோம். சம்பங்கியின் வீட்டில் அவர் இல்லை. சாந்தம்மா என்ற வயதான அம்மா இருந்தார். சம்பங்கியின் மாமியார். எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். தமிழ் பேசினார். வண்டி வாங்கியவர்கள் என்று சொன்னதும் முகம் மாறியது.

"அந்த வண்டியா? எம் பொண்ணு சரஸ்வதி உசுர வெச்சிருந்த வண்டிம்மா அது. ஞாயித்துக்கிழமை ஆனா புருஷங்கூட முன்னாடி உக்காந்து காட்டுக்குப் போவா. அப்புறம் அவன் வேற ஒருத்தியை அந்த எடத்துல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனான். இவ ஓடிப் போயி கதவைப் புடிச்சா. எறங்குடி, எறங்குடின்னு கத்தினா. அவன் வண்டியை நிறுத்தல. இவ தலைகுப்புற விழுந்தா, கழுத்து ஒடைஞ்சுது, தலையிலயும் அடி. பின்சக்கரம் இடுப்பு மேல ஏறிடுச்சு."

 தினேஷ்தான் கேட்டார்.

"எப்பங்கம்மா எறந்தாங்க?"

சாந்தம்மா அவரை முறைத்தார்.

"யாருப்பா எறந்தது? உள்ளதான் படுத்திருக்கா."

எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஜன்னலோரம் ஒரு இரும்புக் கட்டில். அதில் சின்ன உருவமாக ஒரு பெண். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். கண் திறந்திருந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்றார் அம்மா. பேச்சும் போய்விட்டதாம். ரெண்டு வருஷமாக அந்தக் கட்டிலை விட்டு இறங்கியதில்லை.

"நீங்க படிச்சவங்க. ஒண்ணு கேக்கறன், சொல்லுங்க" என்று சாந்தம்மா போர்வையின் கால்மாட்டைத் தூக்கினார். "திங்கக்கெழமை விடிஞ்சா இப்படி இருக்குது. தொடைச்சுத் தொடைச்சு எனக்கு ஓஞ்சு போச்சு. யாரும்மா இவளை வெளிய கூட்டிட்டுப் போறாங்க?"

சரஸ்வதியின் இரண்டு பாதங்களிலும் கணுக்கால் வரை செம்மண் சேறு. இன்னும் ஈரம் காயவில்லை.

 

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.