முதுகில் எழுதிய பாடம்

என் மனைவி மங்கையற்கரசியைப் பற்றிச் சொல்வதென்றால் என் முதுகிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவள் எழுதிப் படித்த கொப்பி அதுதான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. ஷெல் துண்டு பட்டு மடக்க முடியாமல் கிடந்த அவளுடைய அண்ணனின் காலை, மட்டக்களப்பில் ஒரு பெண் பிடித்துப் பிடித்தே மடங்க வைத்தார். அண்ணன் நடந்ததைவிட, அந்தக் கால் எப்படி மடங்கியது என்பதுதான் மங்கைக்குப் பெரிய விஷயம். அந்தப் பெண் லில்லியன் மிஸ், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிச் சனம். ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்காக உடம்பு பிடிக்கும் பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்போடு நின்ற என் மனைவி, நாற்பது வயதில், பழுகாமத்திலிருந்து வாவியைக் கடந்து போய் அதில் சேர்ந்தாள்.

உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நோயியல் என்று மூன்று பாடம். வீடு படாத பாடு பட்டது. கறிக்கு வெட்டிய கோழியின் காலில் வெள்ளை நரம்பைப் பிடித்து இழுப்பாள், விரல்கள் மடங்கும். "இஞ்ச பாருங்க, உங்கட கையிலயும் இதுதான் கிடக்கு" என்பாள். பசியோடு இருக்கிறவனுக்கு இதெல்லாம் தேவையா?

சோதனைக்கு இரண்டு நாள் இருக்க, மத்தியானம் சோறு தின்று குப்புறக் கிடந்த என் முதுகில் தசைகளின் பெயர்களை இங்கிலீசில் எழுதினாள். பேனை வழுக்குகிறதென்று புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தைத் தொட்டு எழுதியிருக்கிறாள். தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்த்தேன். தோல்தான் போனது, எழுத்துப் போகவில்லை.

செய்முறைச் சோதனைக்கு ஆளுக்கொரு உடம்பு கொண்டுவர வேண்டுமாம். என்னைக் கூட்டிப்போனாள். அக்கரையில் ஆமிக் காவலரண். அன்றுவரை அங்கே போட்டிருக்கும் சேட்டைக் கழற்றச் சொன்னதில்லை. அன்று சொன்னார்கள்.

என்னை வரிசையிலிருந்து பிரித்து மண்மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அப்படிப் பிரித்தெடுத்த இரண்டு பேர் அதற்கு முந்திய மாதம் வீடு திரும்பவில்லை.

அதிகாரி ஒருவன் வந்து முதுகை வாசித்தான். "இது என்ன ரகசியம்?" என்று தமிழிலேயே கேட்டான்.

மங்கை வரிசையை விட்டு வந்தாள். "சோதனைக்குப் படிச்சது ஐயா. இவர் என்ட புருசன்."

அவன் எழுத்தைத் தன் தொப்பியால் மறைத்தான். "அப்ப பாக்காமச் சொல்லு."

அவன் தொப்பியை நகர்த்த நகர்த்த, ஒவ்வொரு இடமாக விரலால் அழுத்திப் பெயர் சொன்னாள். இது தோளைத் தூக்கும், இது கையைப் பின்னால் இழுக்கும் என்று வேலையும் சொன்னாள். ஐந்தாவதில் அவள் விரல் நின்றுவிட்டது. என் கதை முடிந்ததென்று நினைத்தேன்.

"மறந்து போச்சா?" என்றான் அதிகாரி.

"பேர் தெரியும் ஐயா. நேத்து மெத்தெண்டு கிடந்த இடம், இண்டைக்குப் பலகை மாதிரிக் கிடக்கு. ஏனெண்டு பாக்கிறன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உயிர் போகிற நேரத்திலும் இவளுக்கு ஆராய்ச்சி. அதிகாரி தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்தான். பிறகு என் சேட்டை எடுத்துத் தந்தான். ஓடாத குறையாகப் போய்ச் சோதனைக்குச் சேர்ந்தோம்.

ஒரு மாதம் ஊரெல்லாம் இந்தக் கதையைச் சொல்லித் திரிந்தேன். கொஞ்சமும் அசையாமல் நின்றேன் என்றுதான் சொன்னேன்.

மங்கை பாஸ் என்று தெரிந்த அன்று, லில்லியன் மிஸ் என்னைக் கூப்பிட்டு, செய்முறை முடிந்து அன்றே அவள் எழுதிய விடைத்தாளைக் காட்டினார். தசை இறுகுவதற்கான காரணங்கள் எவை என்பது கேள்வி. குளிர், அதிக வேலை, அடிபடுதல் என்று புத்தகத்தில் உள்ளதெல்லாம் இருந்தது. அவற்றுக்கு மேலே, முதலாவதாக எழுதியிருந்தாள்: "பயம். இன்று காலை என் கணவரின் முதுகில் கண்டேன்."

"புத்தகத்தில இது இல்ல. எண்டாலும் பிழையெண்டு நான் வெட்டயில்ல," என்றார் மிஸ்.

திரும்பி வரும்போது தோணியில் கேட்டேன். "என்ட பயத்த ஊருக்கு எழுதிப் போட்டாய். அப்ப நீ பயப்படல்லயா?"

"என்ட முதுக நான் எப்பிடிப் பாக்கிற?" என்றாள். "நீங்கதான் தொட்டுப் பாத்திருக்கணும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபது வருடம் கூட வாழ்ந்தும் அந்த எண்ணம் எனக்கு வரவில்லை.