பெரிதாக்கப் பெரிதாக்கக் கரைந்த முகம்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. மலேசியாவில் கோலா சாவா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். நோய் பிடித்த மரங்களைப் படமெடுத்து மேலிடத்துக்கு அனுப்புவதற்காக ஒரு டிஜிட்டல் கேமரா வந்திருந்தது. டிஸ்கெட்டைச் செருகி எடுக்கிற வகை. அதை இயக்கத் தெரிந்தவள் தோட்டத்திலேயே நான் ஒருத்திதான். கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வருடக் கோயில் திருவிழாவுக்கு மேனேஜரிடம் கேட்டுக் கேமராவை எடுத்துப்போனேன். கையில் ஒரே டிஸ்கெட். நல்ல தரத்தில் எடுத்தால் பதினைந்து படத்திலேயே நிரம்பிவிடும். அளவைச் சின்னதாக்கி, தரத்தையும் குறைத்து இறுக்கிவிட்டால் நாற்பது வரை எடுக்கலாம். தொழிலாளர் குடியிருக்கும் லயமே திரண்டு வந்து "எங்களையும் எடும்மா" என்று நிற்கும்போது யாரை விடுவது, யாரை எடுப்பது? நாற்பதுக்கு மாற்றினேன். மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தால் எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஃபிலிம் ரோலில் முப்பத்தாறுதான் வரும், நான் நாற்பது எடுத்தேன் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு அண்ணனைக் காணவில்லை. தோட்டத்து லோரி ஓட்டியவர். கீழே விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து அவருக்கு நினைவு வரும், போகும். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் மறுநாள் விடிந்தும் வரவில்லை. சர்க்கரை வியாதி, இனிப்பு நீர்க்காரர். மருந்தெல்லாம் வீட்டிலேயே கிடந்தது. போலீசில் போட்டோ கேட்டார்கள். அடையாள அட்டையான ஐசி அவர் சட்டைப் பையோடு போய்விட்டது. வீட்டில் இருந்தது முப்பது வருடத்துக்கு முந்திய கல்யாணப் போட்டோ மட்டும்தான். அதில் அவரை அவர் மனைவிக்கே அடையாளம் தெரியாது.

"கவலைப்படாதீங்கக்கா, எங்கிட்ட திருவிழா போட்டோ இருக்கு. பெருசா போட்டு ஊரெல்லாம் ஒட்டிடலாம்" என்று அந்த அக்காவை அழைத்துக்கொண்டு சிரம்பான் டவுனுக்குப் பஸ் ஏறினேன்.

கம்ப்யூட்டரில் படம் போட்டுத் தரும் கடை ஒன்று இருந்தது. கடையில் ஒரு சீனப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள் அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தாராம், நம்மைப் போலவே தமிழ் பேசினாள். படத்தில் அண்ணன் பத்துப் பேரோடு வரிசையில் நின்றிருந்தார். அவள் அவர் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கினாள். திரை முழுக்கச் சதுரம் சதுரமாகக் கட்டங்கள். கண் எது, மீசை எது என்றே தெரியவில்லை.

"யாரும்மா இது? இது எங்க வீட்டுக்காரர் இல்ல" என்று அக்கா வாய்விட்டு அழுதுவிட்டார்.

அந்தப் பெண் என் பக்கம் குனிந்து, எந்த அளவில் எடுத்தேன் என்று மெதுவாகக் கேட்டாள். இருப்பதிலேயே சின்னதில் என்றேன். வேறு படம் உண்டா என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். தப்பு என்னுடையது என்று இப்போது அக்காவிடம் சொல்லப்போகிறாள் எனக் காத்திருந்தேன். அவளோ, "அழாதீங்க ஆன்ட்டி. நான்தான் ரொம்ப பெருசாக்கிட்டேன் லா" என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள்.

பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "அக்கா, படம்னா புள்ளிதான். இந்த மூஞ்சிக்கு இருக்கறது ஒரு பிடி அரிசி. பெரிய பானையில போட்டா அடியில ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். சின்னக் கிண்ணத்துல போடலாம்" என்றாள். ஐசி போட்டோ அளவுக்குக் குறைத்து, ஒரே தாளில் வரிசையாக அச்செடுத்தாள். முகம் திரும்பி வந்துவிட்டது! அக்கா அதை வாங்கி, "இவருதான், இவரேதான்" என்று நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

இவ்வளவு சின்னதைச் சுவரில் ஒட்டிப் பயனில்லை, கையில் கொடுத்துத்தான் கேட்க வேண்டும் என்றாள். கடையைப் பார்த்துக்கொள்ளத் தங்கையைக் கூப்பிட்டுவிட்டு, அவளே எங்களோடு பஸ் நிலையத்துக்கு வந்தாள். மலாயில் ஒருவரிடம், சீனத்தில் ஒருவரிடம் என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. தம்பின் ஊருக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர் ஒருவர் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்த அங்கிளா? நேத்து நம்ம பஸ்லதான் வந்தாரு. இறங்கறப்ப, என் லோரிய எங்க நிப்பாட்டினேன்னு என்னையே கேட்டாரு."

அன்று மாலையே அவரைத் தம்பின் சந்தையான பாசாருக்குப் பின்னால், லோரிகள் நிற்கும் இடத்தில் கண்டுபிடித்தோம். உதடு காய்ந்து, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

அண்ணன் கண் திறந்து கஞ்சி குடித்த பிறகு, அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ எடுத்ததாலதானே அந்தப் படமாச்சும் இருந்துச்சு" என்றார்.

அன்றைய அவசரத்தில் அந்தக் கடைப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். பிறகு போனபோது அங்கே துணிக்கடை இருந்தது. அக்கா அழுதுகொண்டு நின்ற அந்த நேரத்தில் என் தவறை அவர் முன்னால் அவள் போட்டு உடைத்திருந்தால், எத்தனை மன்னிப்புக் கேட்டும் எனக்கு ஆறியிருக்காது. அதனால்தான் இன்றும் யாராவது ஒரு தவறைச் செய்துவிட்டு என் முன்னால் வந்து நிற்கும்போது, அவளை நினைத்துக்கொண்டு, பக்கத்தில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.