தாலியைத் துடைத்த மெஷின்

உஷாராணியைப் பற்றிக் கேட்டால் முதலில் அவள் வாயைத்தான் சொல்வேன். வளர்ந்தது டெல்லி துவாரகா, பூர்வீகம் திருநெல்வேலி. கரோல் பாக்கில் எங்கள் கிராஃபிக்ஸ் கம்பெனியில் அவள்தான் டீம் லீடர். அவளுக்குக் கீழே நானும் சேர்த்து ஐந்து பேர். நடிகர்களைக் கட்டித் தொங்கவிடும் வயரைப் படத்திலிருந்து அழிப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஒவ்வொரு ஃபிரேமாக, கண் அவிய அவிய.

போன வருஷம், மாதிரி காட்டினால் தானே கற்றுக்கொண்டு வயரை அழிக்கும் மெஷின் வந்தது. முதலாளி அக்ஷய் மல்ஹோத்ரா, "இனி ஒருத்தர் போதும்" என்றார். ஈவிரக்கமில்லாத மனுஷன். உஷாதான் இந்தியில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னாள். "மெஷினை எங்க கையில குடுங்க சார். இப்ப வந்திருக்கிற சென்னைப் படத்தைப் பாதி நாள்ல முடிக்கிறோம். முடிச்சா ஆறு பேரும் இருக்கணும். சொதப்பினா மொதல்ல நான் போறேன்."

"பாக்கலாம்" என்று மட்டும் சொல்லி மெஷினைக் கொடுத்தார். கடத்தப்பட்ட கணவனை மீட்கக் கதாநாயகி மாடிக்கு மாடி பாய்கிற காட்சிதான் முதல் வேலை. நாங்கள் வாரக்கணக்கில் முக்குகிற வேலையை மெஷின் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்தது. எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். உஷாவுக்கோ குஷி. "மாட்டு வேலையை அது பாக்கட்டும்ட்டி, மூளை வேலையை நாம பாப்போம்" என்பாள்.

அனுப்ப வேண்டிய அன்று, டீயோடு உட்கார்ந்து காட்சியை முதன்முறையாக முழுசாக ஓடவிட்டோம். எங்களுக்குப் படம் பார்க்கிற பழக்கமே கிடையாது. வயர் இருந்த இடத்தைப் பெரிதாக்கி, தடம் தெரிகிறதா என்று மட்டும் பார்ப்போம். உஷா டீயைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி செல்வி, இவ தாலி எங்கட்டி?"

பார்த்தேன். வெறும் கழுத்து. மஞ்சள் கயிற்றையும் வயர் என்று நினைத்து, மெஷின் எல்லா ஷாட்டிலும் துடைத்துப் போட்டிருந்தது. புருஷன் உயிரோடு இருக்கும்போதே அவள் தாலியை அறுத்துவிட்டோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்ஷய் எட்டிப் பார்த்து, "சின்னக் கயிறுதானே, யார் பாக்கப் போறாங்க? ஜல்தி அனுப்பு" என்றார்.

"தியேட்டர்ல இருக்கிற அத்தனை பொம்பளைங்களும் பாப்பாங்க சார். கயிறு இல்லேன்னா எங்க ஊர்ல புருஷன் செத்துட்டான்னு அர்த்தம். அப்புறம் யாரை மீட்க இவ குதிக்கிறா? சாயங்காலம் அனுப்புறேன்."

தாலி தெரிகிற பழைய ஃபிரேம்களை எடுத்து, இதைத் தொடாதே என்று ஆறு பேரும் கையால் கோடு போட்டோம். அதை வைத்து மெஷினுக்கு மறுபடி பாடம் நடத்தினாள் உஷா. பொழுது சாய்வதற்குள் வயர் போயிருந்தது. தாலி கழுத்தில் ஆடியது. சென்னையிலிருந்து குறை எதுவும் வரவில்லை, அடுத்த ரீல்தான் வந்தது.

திறந்தால், மேல்சட்டையில்லாத குருக்கள்மார் பத்துப் பதினைந்து பேர் வயரில் பறந்து சண்டை போடுகிறார்கள். அக்ஷய் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். எங்கள் வேலை நிலைக்குமா என்பதைப் பற்றி அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவர் குனிந்து, ஒரு குருக்களின் மார்புக்குக் குறுக்கே போன பூணூல்மேல் விரலை வைத்தார்.

"உஷாஜி, இது வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார்."

"அச்சா. அப்போ ஆறு பேரும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.