கோட்டுக்குள் அது

எப்படி இவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறீர்கள் என்று என் சித்தியைக் கேட்காத பத்திரிகைக்காரர் கிடையாது. "பழக்கம்தான்" என்பாள் அவள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. மறுநாள் சிலை, கல், தவம் என்று எதையாவது தலைப்பில் போட்டு, ரைஃபிளோடு அவள் நிற்கும் படத்தையும் போட்டுவிடுவார்கள். அந்தப் படங்களை வெட்டி வைப்பவள் நான். எல்லாவற்றிலும் அவள் வெளிநாட்டிலிருந்து தருவித்த நீலக் கோட்டில் இருப்பாள். அதற்கு முன்னால் அப்பா தைத்துக் கொடுத்த ஒரு கோட்டு அவளிடம் இருந்தது. அதைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை. அதற்குள் என்ன இருந்தது என்பது எனக்கும் சித்திக்கும் மட்டும் தெரிந்த சங்கதி என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் வீட்டில் அது தெரியாதவள் நான் ஒருத்திதான்.

சித்தி அம்மாவின் தங்கை. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தது, பயிற்சி முடிந்ததும் கொடுக்கும் பூரிக்கும் முட்டைக்கும் ஆசைப்பட்டுத்தானாம். முதன்முதலாகத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தபோது மற்றப் பெண்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுட்டார்கள். இவள் மூடவில்லை. அங்கிருந்து மாவட்டம், மாநிலம், பிறகு தேசிய சாம்பியன். கல்யாணமும் பட்டாளத்துக்காரரோடுதான் நடந்தது. வீட்டில் துப்பாக்கி பிடிக்கிறவங்க ரெண்டு பேர், குறி தப்பாதது ஒருத்தர்தான் என்று அப்பா சித்தப்பாவைச் சீண்டுவார். சித்தப்பா வடக்கே எல்லையில் இருந்தார், லீவு கிடைத்தால் வருவார். சித்தியின் மாமியார் வீடு திருப்பத்தூர். ஆனால் சித்தி இருந்தது ஆம்பூரில், எங்களோடு. சுட்டுப் பழக இடம் இங்கேதான் கிடைத்தது.

அந்த இடம் மூடிப்போன ஒரு தோல் டேனரியின் மாடி. அதன் சொந்தக்காரரான பாய் அப்பாவுக்கு தோஸ்த். கேட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டார். தோல்களைத் தொங்கவிட்டுக் காயவைக்கக் கட்டிய நீளமான கூடம் அது. இரண்டு பக்கமும் சுவருக்குப் பதில் மரச் சட்டங்கள், அவற்றின் இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாக விழும். மேலே உத்தரத்தில் வரிசையாகக் கொக்கிகள். தோல் போய்ப் பல வருஷம் ஆகியும் வாடை போகவில்லை. காற்றடித்தால் கொக்கிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். காற்றில்லாதபோதும் சில சமயம் தொட்டுக்கொள்ளும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய் ஒரு மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன்.

ரைஃபிள் போட்டிக்கு நிற்பவர்கள், முதுகையும் தோளையும் தாங்கிப் பிடிக்க விறைப்பான ஒரு கோட்டு போடுவார்கள். அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஜாக்கெட். மச்சினிக்கு ஜாக்கெட் தைக்கிறேன் என்று அப்பா தெருவில் சொல்லிவைக்க, எதிர்வீட்டு அக்கா, "எருமத் தோல்லயா? பிட்டுத் துணி கெடைக்கலியா இன்னா?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது கோட்டு ஆகிவிட்டது. அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற வேலை. தடித்த கேன்வாஸில் தைத்து, தோள், முழங்கை, முதுகு, இடுப்பு என்று எருமைத் தோலை வைத்தார். முடித்துத் தரையில் வைத்தபோது அது மடங்கி விழவில்லை, தானாக நின்றது. கைகள் பாதி மடங்கி, கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லாமல், இடுப்புவரை தரையில் புதைந்துபோன ஆள் மாதிரி இருந்தது.

"எரும லேசுல அடங்காதும்மா," என்றார் அப்பா என்னிடம். "இன்னும் உள்ளதான் கீது, பாரு."

மழைக்காலத்தில் தோல் ஈரத்தை இழுத்து முறுக்கிக்கொள்ளும். யாரும் தொடாமலே கோட்டு வீட்டு மூலையில் இருந்து முனகும். மூச்சு விடுகிறது என்று அப்பா சிரிப்பார். அவருக்கு அது வேடிக்கை. நான் அந்த மூலையைச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

சித்தி அந்தக் கோட்டைப் போட்டு, பட்டன்களை மாட்டி, ஒரு கண்ணை மறைக்கும் வெள்ளைத் தகட்டையும் வைத்துக்கொண்டால் அதற்குப் பிறகு கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்காது. ஒருமுறை ஓர் ஈ அவள் கன்னத்தில் உட்கார்ந்து, மெல்ல மேலே ஏறி, கண்ணோரம் வரை நடந்தது. இமை ஆடவில்லை. ஈ அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சாவகாசமாக மூக்கைக் கடந்து அந்தப் பக்கம் போனது. பிறகுதான் 'டப்' என்று சத்தம் வந்தது. செத்த மாட்டின் கண்ணில்தான் ஈ அப்படி நடந்து நான் பார்த்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, "இன்னாடி, எதுக்கு அழுவற?" என்று சித்தி கேட்ட பிறகுதான் அவள் திரும்பி வந்துவிட்டாள் என்று நம்பினேன்.

நான் இரண்டாம் வகுப்பு படித்த வருஷம், இந்திய அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டி வந்தது. அதில் முதலாவதாக வந்தால் சித்தி வெளிநாட்டுக்குப் போய்ச் சுடுவாள். வீட்டில் வேறு பேச்சே இல்லை. அந்தச் சமயத்தில்தான், "பட்டன கொஞ்சம் தள்ளி வெச்சுத் தர்றீங்களா மாமா? டைட்டா கீது," என்று அப்பாவிடம் கோட்டை நீட்டினாள். சோற்றைக் கம்மி பண்ணு என்று சிரித்துக்கொண்டே அப்பா மாற்றிக் கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து மறுபடி மாற்றச் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சொல் நடமாட ஆரம்பித்தது. 'அது' என்ற சொல். அது தூங்கவே விடவில்லை என்பாள் சித்தி. இன்றைக்கு அது எப்படி இருக்கிறது என்று அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்பாள். அதற்குக் காரம் பிடிக்கவில்லை, அது இடது பக்கமாகக் கிடக்கிறது, அது நேற்றைவிட ஜாஸ்தி ஆடுகிறது. நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். பெயரில்லாத ஏதோ ஒன்று எங்களோடு குடியிருந்தது. அது எங்கே இருக்கிறது என்று எனக்கு ஒருநாள் டேனரி மாடியில் தெரிந்தது.

அன்று சித்தி ரைஃபிளைத் தூக்கிக் குறி பார்த்தாள். சுடாமல் இறக்கினாள். மறுபடி தூக்கி, மறுபடி இறக்கினாள். அப்படி அவள் இறக்கி நான் பார்த்ததே இல்லை.

"உள்ள இருந்து ஆட்டுதுடி," என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. முகத்தில் சிரிப்பு இருந்தது. "குறி வெச்சாப் போதும், அதுக்குத் தெரிஞ்சிடுது."

பிறகு என் கையைப் பிடித்து, இரண்டு பட்டன்களுக்கு நடுவே கோட்டுக்குள் விட்டாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மேலே ஒரு கொக்கி இன்னொன்றைத் தொட்டது. அப்போது என் உள்ளங்கையை அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று தட்டியது.

கையைப் பிடுங்கிக்கொண்டு நான் படிக்கட்டில் இறங்கிய வேகத்தில் விழாமல் இருந்தது ஆச்சரியம். அப்பா சொன்னது வேடிக்கை இல்லை. எருமை உள்ளேதான் இருந்தது.

சித்தி கர்ப்பமாக இருந்தாள். என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முன்பு தரித்தவை நிற்காமல் போயிருந்ததால் இந்தத் தடவை வாய்விட்டுச் சொல்லவே பயந்தார்கள். கண் படக்கூடாது என்றுதான் குழந்தை என்ற சொல்லைக்கூட எடுக்காமல் 'அது' என்றார்கள். திருப்பத்தூருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் மாமியார் மறுநாளே வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார், ரைஃபிள் பரணில் ஏறிவிடும். சித்திக்கு இரண்டும் வேண்டியிருந்தது. தேர்வுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவள் கேட்டது. நிற்பதால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மாவும் சொல்லியிருந்தார். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், கோட்டுக்குள் ஒன்று இருக்கிறது, அது சித்தியைத் தோற்கடிக்கப் பார்க்கிறது என்பதுதான்.

தோலை எப்படித் தூங்கவைப்பது என்று அப்பாவைக் கேட்டேன். எங்கள் ஊரில் அது அப்படியொன்றும் பைத்தியக்காரக் கேள்வி இல்லை. அப்பா செருப்புக்கு வார் வெட்டிக்கொண்டே, "உப்பு போட்டா தூங்கும்," என்றார். "பச்சத் தோலு உப்போடதான் வரும். மாசக்கணக்கா அப்படியே கெடக்கும்." மறுபடி எப்படி எழுப்புவது என்றும் கேட்டுவைத்துக்கொண்டேன். எருமை என்றாலும் ஒரேயடியாகத் தூங்கிவிடுவது பாவம் இல்லையா. "தண்ணில ஊறப்போடணும். உப்பு எறங்கிச்சுன்னா எழுந்துக்கும்."

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம், பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் எல்லோரும் இருந்தபோது, ஒரு பிடி கல்லுப்பை அள்ளிக்கொண்டு மூலைக்குப் போனேன். பட்டன் மாற்றியபோது உள்துணியில் ஓரிடத்தில் தையல் பிரிந்திருந்தது. அதன் வழியாக உப்பைப் போட்டேன். தூங்கு என்று சொன்னேன். கோட்டு ஒருமுறை முனகியது. அதற்குப் பிறகு முனகவில்லை.

போட்டி சென்னைக்கு வெளியே நடந்தது. பார்வையாளர் வரிசையில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான். எங்களுக்குச் சித்தியின் முதுகு மட்டும் தெரிந்தது. ரைஃபிளைத் தூக்கினாள், சுட்டாள். மறுபடி தூக்கினாள், சுட்டாள். ஒரு தடவைகூடச் சுடாமல் இறக்கவில்லை. மேலே திரையில் அவள் பெயர் ஏறிக்கொண்டே போய் உச்சியில் நின்றது. பின்வரிசையில் யாரோ, இந்தம்மா மூச்சாவது விடுதா என்று வியந்தார். அப்பா தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். உப்பு வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. சித்தியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகிக்கொண்டே வந்தது. உதடுகள் அசைந்தன. வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்து நெருங்கிக் கேட்டேன்.

"எறக்குடி," என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மா. "ஒரே ஒருவாட்டி எறக்கி வைடி."

அத்தனை பேரும் சித்தி ஜெயிக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க, கூடப்பிறந்த அக்கா இப்படி முணுமுணுப்பது எனக்குப் புரியவில்லை. கோபம்கூட வந்தது.

சித்தி இறக்கவில்லை. அதுவரை எடுத்தே இராத புள்ளிகளை எடுத்து முதலாவதாக வந்தாள். கைதட்டினார்கள். அவள் திரும்பவில்லை. ரைஃபிளை வைத்துவிட்டு, ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டபடி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒருவழியாக வெளியே வந்ததும் அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவர்களுக்கு நடுவில் புகுந்து நான் சொன்னேன்: "நான்தான் சித்தி அத தூங்க வெச்சேன். உப்பு போட்டேன். அதான் ஆடல."

அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். சித்தி அவள் கையை விலக்கினாள். அந்தக் கோட்டில் குனிய முடியாது. விறைப்பாக நின்றபடியே கேட்டாள்.

"எப்ப எழுந்துக்கும்?"

என்னிடம் யாரும் அவ்வளவு அக்கறையாக எதையும் கேட்டதில்லை. தண்ணீரில் ஊறப்போட்டால் எழுந்துகொள்ளும், அப்பா சொன்னார் என்றேன். சித்தி தலையாட்டினாள்.

அம்மாவும் சித்தியும் அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அப்பா என்னையும் கோட்டையும் பஸ்ஸில் ஊருக்கு அழைத்து வந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் சீட்டில் கோட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. "இவரு யாரு, டிக்கெட் போடட்டுமா?" என்று கண்டக்டர் கிண்டல் செய்தார். எதற்கும் சிரிக்கிற அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முந்தின நாள் சாயங்கால வாக்கிலேயே அதன் துடிப்பு நின்றுபோயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். யாரும் எதுவும் செய்ததால் இல்லை, சில சமயம் அப்படி ஆகிவிடும் என்றும் சொன்னார்களாம். இதையும் நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். போட்டியன்று காலையில் எழுந்தபோதே சித்திக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. அந்தப் போட்டியைப் பற்றி அவள் ஒரே ஒருமுறை அம்மாவிடம் பேசியிருக்கிறாள். "ஒவ்வொரு வாட்டியும் காத்துக்கினே இருந்தேன்க்கா. இப்ப ஆடும், எறக்கி வெச்சுடலாம்னு. ஆடல. சுட்டுட்டேன்."

சித்தி வீட்டுக்கு வருகிற அன்று காலை, அவள் வரும்போது அது விழித்திருக்கட்டும் என்று கோட்டை இழுத்துக்கொண்டுபோய்ப் பின்பக்கத்துச் சிமென்ட் தொட்டியில் போட்டேன். காசு கொடுத்து லாரியில் வாங்கி நிரப்பிய தண்ணீர். ஒரு செம்பு சிந்தினாலே அம்மா கத்துவாள். கோட்டு முதலில் மூழ்க மாட்டேன் என்றது. பிறகு ஊற ஊறக் கைகள் மெல்ல விரிந்தன. வயிற்றுப் பக்கம் காற்று அடைபட்டு உப்பி மேலே வந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவர்கள் வந்தார்கள். அம்மா தொட்டியைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சித்தி மெதுவாக நடந்து வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். என் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள். ஈரமான விரலை நாக்கில் தொட்டுப் பார்த்தாள்.

"உப்பு எறங்குது," என்றாள்.

இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியது. ஓர் ஈ வந்து சித்தியின் கன்னத்தில் உட்கார்ந்தது, அவள் ஓட்டவில்லை. எனக்கு அலுத்துப்போய்விட்டது. தெருவில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. வெளாடப் போறேன் சித்தி என்றேன்.

"போ," என்றாள். "நான் பாத்துக்கறேன்."

விளையாடி முடித்துச் சாயங்காலம் நான் திரும்பியபோதும் அவள் அதே இடத்தில்தான் இருந்தாள், தண்ணீரில் வைத்த கையை எடுக்காமல். ஜெயித்தது சித்திதானே, தோற்றுப்போன எருமையை எழுப்ப இவள் எதற்கு இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. பசிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.