ரோஸ் பாலிஷ் வைத்த ஸ்க்ரூ

எஞ்சினையே பிரித்து மாட்டுகிறவன் என்று ஊர் மெக்கானிக்கைப் புகழும். அவன் வேர்த்து விறுவிறுத்து நிற்பது என்னவோ சுண்டுவிரல் நகம் அளவு ஸ்க்ரூ முன்னால்தான். ஊறுகாய் பாட்டில் மூடியிடம் என்றைக்காவது தோற்றுப்போன எல்லோரும் என் கட்சி என்று நினைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், மந்தைவெளியில் என் ஷெட்டுக்கு டிஸ்க் பிரேக் வைத்த பைக்குகள் ஒன்றிரண்டாக வர ஆரம்பித்தன. ஹேண்டில்பாரில் ஒரு சின்ன டப்பா. அதற்குள் பிரேக் ஆயில். மூடியை இரண்டே ஸ்டார் ஸ்க்ரூ பிடித்திருக்கும். எங்கள் பக்கத்துக் கடல்காற்றில் ஒரு வருஷம் திறக்காமல் விட்டால் ஸ்க்ரூவும் டப்பாவும் ஒட்டிப் பிறந்தவை போல ஆகிவிடும்.

நிர்மலாவின் பாட்டில்

நான் முறுக்கினால் முறுக்கினதுதான் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. முறுக்கி முடித்ததும் ஸ்க்ரூ விளிம்பும் மூடியும் சேருகிற இடத்தில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைப்பேன். வேறு யாராவது திருகினால் பொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பாலிஷ் என் மனைவி நிர்மலாவுடையது. ரோஸ் கலர். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அவள் பாட்டிலைத் தேடி எடுத்தாள். அடியில் காய்ந்த பொருக்குதான் இருந்தது.

"ஏங்க, கல்யாணமாகி ஆறு வருஷத்துல என் நகத்துக்கு வெச்சதைவிட உங்க ஸ்க்ரூவுக்கு வெச்சதுதான் ஜாஸ்தி."

யார் கை வெச்சது?

எங்கள் தொழிலில் ஒரு சம்பிரதாயம். எந்த வண்டியைத் தொட்டாலும் முதல் வார்த்தை, "யார் சார் இதுல கை வெச்சது?" முந்தினவன் மடையன் என்று நிலைநாட்டிவிட்டால் நமக்கு மரியாதை தானாக வரும்.

ரகு சார் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், மயிலாப்பூர்க்காரர், என் பழைய கஸ்டமர். பிரேக் பிடித்தால் லீவர் கைப்பிடி வரை வருகிறது என்று வண்டியைக் கொண்டு வந்தார். பார்த்தால் மூடியில் இரண்டு ஸ்க்ரூ தலையும் மழுங்கிக் குழியாகியிருந்தன. வாய் தானாகக் கேட்டது. அவர் மனைவியின் தம்பி சந்துரு, அடையாறில் இருப்பவர், போன ஞாயிறு திறக்கப் பார்த்தாராம். வரவில்லையாம். "உங்க மெக்கானிக் ராட்சசன் மாதிரி முறுக்கியிருக்கான்" என்று வேறு சொன்னாராம். எனக்குச் சுருக்கென்றது. "தெரியாதவங்க கை வெச்சா இப்படித்தான் சார். கெடுத்ததே அவருதான்" என்றேன். மேலே இருந்த அழுக்கைத் துடைத்துக்கூடப் பார்க்கவில்லை.

சார் அன்றைக்கே அதை ஃபோனில் மச்சினனிடம் சொல்லிவிட்டார். வார்த்தை தடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாரின் பெண் குழந்தைக்குக் காது குத்தல்; தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தை. ஃபோன் பேசிய மறுநாள் ஷெட்டுக்கு வந்த சார் முகத்தில் ஈயாடவில்லை.

"வரமாட்டேன்னுட்டான், செல்வம். ஆத்துல அவ அழுதுண்டிருக்கா. ரெண்டு ஸ்க்ரூவுக்கு ஒரு மாமா போயிட்டான்."

ஏழுமலை வைத்தியம்

எனக்கு அந்த வண்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்த ஸ்க்ரூ மேல் இருந்த கோபத்தில் இன்னும் அழுத்தினேன், குழி இன்னும் பெரிதானது. அப்போது செயின் மாற்ற வந்திருந்த ஏழுமலை, நொச்சிக்குப்பத்தில் படகு எஞ்சினோடு தினம் மல்லுக்கட்டுகிறவர், எழுந்து வந்தார். ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூட்ரைவரைக் குழியில் நிறுத்தி, அதன் தலையில் சின்ன சுத்தியால் நாலைந்து தட்டு. முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் திருப்பினார். பிறகு கழற்றும் பக்கம். ஒரு ஸ்க்ரூ சொன்ன பேச்சைக் கேட்டு வெளியே வந்தது.

"இன்னா நைனா, கதவயே தட்டிட்டுதான் தொறக்கறோம். நீ இன்னா, சாமி வந்த மாரி அதும்மேல ஏறிக்கினு கீற?"

துடைத்த பிறகு

இரண்டாவது ஸ்க்ரூவில் ஸ்க்ரூட்ரைவர் நன்றாக உட்காரட்டும் என்று துணியால் சுற்றிலும் துடைத்தேன். அழுக்குக்கு அடியில் ரோஸ் பொட்டு. ஒரு கீறல் இல்லை.

சந்துரு அதை மயிரிழைகூடத் திருப்பவில்லை. தலையை மழுக்கியது அவர்தான்; ஆனால் ஒரு சொட்டு கிரீஸ் வைக்காமல், வறட்டு முறுக்கு முறுக்கி, போன வருஷம் அதை அங்கேயே சமாதி வைத்தது நான். சட்டென்று கழற்றிப் போட்டுப் புது ஸ்க்ரூ மாட்டியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சுத்தியைக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் அந்தக் குழந்தையை சார் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துக் காட்டியது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. எதிர் பூத்துக்குப் போய் சாருக்கு ஃபோன் போட்டேன், மச்சினரையும் கூட்டி வரச் சொல்லி.

இருவரும் தனித்தனியாக வந்து, தனித்தனியாக நின்றார்கள். பொட்டைக் காட்டினேன். "தப்பு என்னுது சார், பேசினதும் என் வாய்தான், மன்னிச்சிடுங்க" என்று சந்துருவிடம் சொன்னேன். பிறகு அவர்கள் கண் முன்னால் தட்டித் திருப்பினேன். பொட்டு உடைந்தது, ஸ்க்ரூ வந்தது. சந்துரு அதை உள்ளங்கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"அப்போ மூணு மணி நேரம் நான் மல்லுக்கட்டினது இதோட இல்லை, உங்களோட."

வெள்ளிக்கிழமை

என்னையும் நிர்மலாவையும் அழைத்திருந்தார்கள். குழந்தை மாமா மடியில் உட்கார்ந்து தெருவே கேட்கும்படி அழுதது. எனக்கு அந்த அழுகை காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. ஆசாரி குட்டித் தோட்டைப் போட்டு, பின்னால் திருகாணியை வைத்துத் திருக ஆரம்பித்தார். சந்துரு என் பக்கம் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார்:

"ரொம்ப முறுக்கிடாதீங்கோ. அப்புறம் செல்வம் சுத்தியோட வந்து நிப்பார்."

முதலில் சிரித்தது சாரின் மனைவிதான். இன்றும் வண்டியைத் தொட்டால் "யார் கை வெச்சது?" என்று நாக்கு நுனி வரை வருகிறது, முதலில் துணியை எடுத்துத் துடைத்து, அந்தக் கை என்னுடையதில்லை என்று தெரிந்த பிறகுதான் கேட்கிறேன்.